வாஷிங்டன்: ஆண்டையின் பெயரும் உழைத்தவர்களின் உரிமையும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவில் நாம் கூடியிருக்கிறோம். 1845இல் பிறந்த அவருக்கு வீட்டில் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி தந்த ஆசிரியரின் பெயரைத் தம் பெயராக ஏற்று அவர் அயோத்திதாசர் ஆனார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கியிருந்தார். எந்தச் சொல்லை வசையாக வீசினார்களோ அந்தச் சொல்லையே இதழின் தலைப்பில் அச்சிட்டவர் ஒருவர். அந்தச் சொல்லே நம்முடையது அன்று என மறுத்து, வேறு பெயரை உரிமை கொண்டாடியவர் இன்னொருவர். வழிகள் வேறாக இருந்தாலும் இருவரின் கேள்வியும் ஒன்றுதான்: நம்மை என்ன பெயரிட்டு அழைப்பது என்பதை யார் முடிவு செய்வது?

இந்தக் கேள்வியை இன்று ஒரே ஒரு குடும்பப்பெயரின் வழியாகப் பேசலாம் என்று நினைக்கிறோம். அது நம் நாட்டுப் பெயர் அன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே வழங்கும் ‘வாஷிங்டன்’ என்னும் பெயர். எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அந்தப் பாதையை நம் முன்னோர்கள் முன்பே போட்டுவைத்திருக்கிறார்கள். மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையிலும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்ஸ் இயக்கம் தன் பெயரையே கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஆகவே நாம் அந்நிய வீட்டுக்குள் நுழையவில்லை.

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்காவின் 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வாஷிங்டன் என்னும் குடும்பப்பெயர் உடையவர்கள் 1,63,036 பேர். அவர்களில் 90 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். அமெரிக்காவில் பரவலாக உள்ள குடும்பப்பெயர்களில் இவ்வளவு பெரும்பங்கு கறுப்பினத்தாரிடம் இருக்கும் பெயர் வேறொன்றும் இல்லை. அடுத்து வருவது ஜெஃபர்சன். அதில் 75 விழுக்காடு. அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவரின் பெயரையும் மூன்றாம் குடியரசுத் தலைவரின் பெயரையும் இன்று சுமப்பவர்கள் பெரும்பாலும் அடிமைகளின் வழிவந்தவர்கள்.

ஜார்ஜ் வாஷிங்டன் யார் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அவர் ஓர் ஆண்டை என்பதைப் பாடப்புத்தகம் பெரிதாகச் சொல்வதில்லை. தந்தை இறந்தபோது அவருக்கு வயது 11. அந்த வயதிலேயே 10 அடிமைகள் அவருக்குச் சொத்தாக வந்தார்கள். 1799இல் அவர் இறந்தபோது வர்ஜீனியாவின் மவுண்ட் வெர்னன் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்கள் 317 பேர். அவர்களில் 123 பேர் அவருடைய நேரடி உடைமை. மற்றவர்களில் பெரும்பாலோர் மனைவி வழிச் சொத்து. தமக்கு உரிய அடிமைகளை, மனைவியின் காலத்துக்குப் பின் விடுவிக்க வேண்டுமென்று உயில் எழுதிவைத்தார். அவர் உயிரோடு இருந்த காலமெல்லாம் அவர்கள் உழைப்பில்தான் வாழ்ந்தார்.

அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. அப்படியானால் இத்தனை கறுப்பின வாஷிங்டன்கள் எங்கிருந்து வந்தார்கள்? எல்லாரும் மவுண்ட் வெர்னன் பண்ணையிலிருந்து வந்தவர்கள் அல்லர். அடிமை முறை மனிதர்களின் பெயரை என்ன செய்தது என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும். 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை இருந்தது. ஆண்டையின் பெயர் மேலே இருக்கும். கீழே வயது, பால், நிறம். மாடு கன்றைக் கணக்கெடுப்பது போல. அடிமையாக இருந்தவரின் பெயர் எழுதப்படுவதில்லை. பல குடும்பங்கள் ஆண்டைக்குத் தெரியாமல் தங்களுக்குள் ஒரு குடும்பப்பெயரை வழங்கிவந்தன என்று வரலாற்றாய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். விற்பனையில் பிரிக்கப்பட்ட தாயையும் பிள்ளையையும் பின்னாளில் சேர்த்துவைக்க அந்தப் பெயர்தான் ஒரே தடயம்.

1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. கூலி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கவும், திருமணத்தைப் பதியவும், வங்கியில் கணக்குத் தொடங்கவும், பள்ளியில் சேரவும் ஒரு முழுப்பெயர் வேண்டியிருந்தது. 1870 கணக்கெடுப்பில்தான் தென்மாநிலங்களின் கறுப்பின மக்கள் அனைவரும் முதன்முறையாகப் பெயரோடு எழுதப்பட்டார்கள். சிலர் கடைசி ஆண்டையின் பெயரை வைத்துக்கொண்டார்கள். சிலர் அந்தப் பெயரைக் கேட்கவும் விரும்பவில்லை. சிலர் தகப்பன் பெயரைக் குடும்பப்பெயராக்கினார்கள். பலர் வாஷிங்டன் என்று எழுதச் சொன்னார்கள். இந்த நாடு எங்களுடையதும்தான் என்று சொல்ல அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

அந்த எழுதச் சொன்ன கணத்தை நமக்குப் பதிவு செய்து தந்தவர் புக்கர் டி. வாஷிங்டன். 1856இல் வர்ஜீனியாவில் ஒரு புகையிலைப் பண்ணையில் அடிமையாகப் பிறந்தவர். தந்தை இன்னாரென்று அவருக்குத் தெரியாது. விடுதலைக்குப் பின் குடும்பம் மேற்கு வர்ஜீனியாவில் ஓர் உப்பளத்துக்கு வேலைக்குப் போனது. அவர் கற்ற முதல் எழுத்து ஓர் எண். வளர்ப்புத் தந்தை அடைத்த உப்புப் பீப்பாய்களின் மேல் எழுதப்படும் 18 என்ற எண். பிறகு பள்ளிக்குப் போனார். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படித்தபோது மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர், சிலருக்கு மூன்று. இவருக்கு புக்கர் என்ற ஒற்றைப் பெயர்தான். தம் முறை வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கேட்டவுடன் அமைதியாகச் சொன்னார்: புக்கர் வாஷிங்டன். வளர்ப்புத் தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. தாய் தமக்கு டாலியாஃபெரோ என்றும் பெயர் இட்டிருந்தார் என்பதைப் பின்னாளில் அறிந்து, அதையும் நடுவில் சேர்த்துக்கொண்டார். ‘டி’ என்பது அதுதான். 1901இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

1881இல் அலபாமாவில் டஸ்கிகீ கல்விக்கூடத்தின் முதல்வரானார். மாணவர்களே செங்கல் அறுத்து, மாணவர்களே கட்டடம் எழுப்பிய கல்விக்கூடம் அது. அவருடைய அரசியலை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தொழிற்கல்வி போதும், உரிமைக் கோரிக்கை பொறுத்திருக்கட்டும் என்ற அவருடைய 1895 அட்லாண்டா பேச்சை டுபாய்ஸ் 1903இல் கடுமையாக விமர்சித்தார். அந்த விமர்சனத்தின் பக்கம்தான் நாமும் நிற்போம். ஆனால் தன் பெயரைத் தானே சொன்ன அந்தப் பையனை விட்டுக்கொடுக்க மாட்டோம்.

அவருக்கும் எண்பது ஆண்டுகளுக்கு முன் இன்னொரு வாஷிங்டன் இருந்தார். ஹாரி வாஷிங்டன். ஆப்பிரிக்காவின் காம்பியா பகுதியில் பிறந்து, அடிமையாகக் கடல் கடத்தப்பட்டு, ஜார்ஜ் வாஷிங்டனால் விலைக்கு வாங்கப்பட்டவர். ஆண்டை 1776இல் பிரிட்டிஷாருக்கு எதிராக நாட்டு விடுதலைக்குப் போரிட்டுக்கொண்டிருந்தார். அதே ஆண்டு ஹாரி தன் விடுதலைக்காக அந்த ஆண்டையிடமிருந்து தப்பி பிரிட்டிஷ் படையில் சேர்ந்தார். போர் முடிந்து 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய கறுப்பினத்தவரின் பதிவேட்டில் ஹாரி வாஷிங்டன் என்று இருக்கிறது. முதலில் நோவா ஸ்கோஷியா. 1792இல் மேற்கு ஆப்பிரிக்காவின் சியாரா லியோன். அங்கே நிலத்துக்கு வரி கேட்ட கம்பெனிக்கு எதிராக 1800இல் குடியேறியவர்கள் கிளர்ந்தெழுந்தபோது ஹாரியும் அதில் இருந்தார், நாடு கடத்தப்பட்டார். வரி கேட்ட அரசை எதிர்த்த ஜார்ஜ் நாட்டின் தந்தை ஆனார். வரி கேட்ட கம்பெனியை எதிர்த்த ஹாரி குற்றவாளி ஆனார். இருவருக்கும் பெயர் ஒன்று.

தோழர்களே, இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பெயர் எந்தெந்தத் துறைக்குப் போனது என்று பாருங்கள்.

விளையாட்டில் ஓரா வாஷிங்டன். கறுப்பினத்தவருக்கென்று தனியாக நடந்த டென்னிஸ் போட்டிகளில் எட்டு முறை தேசிய ஒற்றையர் பட்டம் வென்றவர். கூடைப்பந்திலும் தலைசிறந்தவர். வெள்ளையரின் போட்டிகளில் ஆட அவருக்கு இடமில்லை. வீட்டு வேலை செய்து வாழ்ந்து 1971இல் இறந்தார். கூடைப்பந்தின் மிக உயரிய புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2018இல். அடுத்து கென்னி வாஷிங்டன். அமெரிக்கக் கால்பந்துத் தொழில்முறைச் சங்கம் 1934 முதல் 1945 வரை ஒரு கறுப்பின வீரரையும் சேர்க்கவில்லை. 1946இல் அந்தக் கதவு திறந்தபோது முதலில் ஒப்பந்தமானவர் அவர்.

இசையில் டைனா வாஷிங்டன். இயற்பெயர் ரூத் ஜோன்ஸ். தேவாலயப் பாட்டில் தொடங்கிய அவர் மேடைக்கென்று இந்தப் பெயரை எடுத்துக்கொண்டு புளூஸ் இசையின் அரசி என்று பெயர் வாங்கினார். 39 வயதில், 1963இல் இறந்தார்.

அரசியலில் இருவர். தலைநகரான வாஷிங்டனின் மக்கள், தங்கள் மேயரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை நீண்ட காலத்துக்குப் பின் பெற்று 1974இல் வாக்களித்தபோது, தேர்ந்தெடுத்தது வால்டர் வாஷிங்டனை. 1983இல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரானவர் ஹெரால்ட் வாஷிங்டன். 50 பேர் கொண்ட மாநகர மன்றத்தில் 29 பேர் அணி திரண்டு அவர் கொண்டுவந்ததையெல்லாம் தடுத்தார்கள். நீதிமன்ற ஆணைப்படி 1986இல் சில வட்டங்களின் எல்லை மாற்றி மறுதேர்தல் நடந்த பிறகே அவரால் ஆட்சி நடத்த முடிந்தது. 1987 நவம்பரில் பதவியிலேயே இறந்தார். நாற்காலியில் உட்கார விடாமல் தடுக்கப்படும் நம் ஊராட்சித் தலைவர்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

எழுத்தில் ஹேரியட் வாஷிங்டன். கறுப்பின மக்களின் உடல்மீது அமெரிக்க மருத்துவம் நடத்திய சோதனைகளின் வரலாற்றை ஒரு பெரிய நூலாக எழுதியவர். புக்கர் வாஷிங்டன் கட்டிய அதே டஸ்கிகீயை மையமாக வைத்து, அவர் இறந்து 17 ஆண்டுகளுக்குப் பின், 1932இல், அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஒரு சோதனையைத் தொடங்கியது. 600 கறுப்பின ஏழை விவசாயிகள். அவர்களில் 399 பேருக்கு மேகநோய். பென்சிலின் வந்த பிறகும் அவர்களுக்கு மருந்து தராமல், நோய் எப்படிக் கொல்கிறது என்று 1972 வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாஷிங்டன் உருவாக்கிய நிறுவனத்தின் பெயர் அந்தக் கொடுமைக்கு நிரந்தர அடையாளமாகிவிட்டது. அதையும் சேர்த்து எழுதியவர் இன்னொரு வாஷிங்டன்.

திரையில் டென்சல் வாஷிங்டன். உங்களில் பலருக்கு அவர் முகம் தெரியும். 2002இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பெற்றவர். அந்த விருதைப் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர். அவர் 1992இல் நடித்த ஒரு படத்தை இங்கே குறிப்பிட வேண்டும்: ‘மால்கம் எக்ஸ்’. மால்கம் பிறந்தபோது அவர் பெயர் மால்கம் லிட்டில். லிட்டில் என்பது ஆண்டைகள் தந்த பெயர், என் உண்மையான ஆப்பிரிக்கப் பெயர் எனக்குத் தெரியாது, தெரியாததற்கு அடையாளம் எக்ஸ் என்றார் அவர். ஆண்டையின் பெயரைத் துறந்தவரின் வாழ்க்கையைத் திரையில் வாழ்ந்து காட்டியவரின் பெயர் வாஷிங்டன். இதில் முரண்பாடு இருப்பதாக நாம் நினைக்கவில்லை. மால்கம் துறந்ததும் புக்கர் எடுத்துக்கொண்டதும் ஒரே உரிமையின் இரண்டு பயன்பாடுகள். பண்டிதரும் இரட்டைமலையாரும் நமக்குச் சொல்லித்தந்ததும் இதுவே.

இத்தனை பேர் இத்தனை துறைகளில் பெயர் வாங்கிய பிறகு அந்தப் பெயருக்கு மரியாதை வந்துவிட்டதா? 2004இல் வெளியான ஓர் ஆய்வு அதற்கு விடை சொல்கிறது. பெர்ட்ராண்ட், முல்லைநாதன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஏறத்தாழ 5,000 வேலை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒரே மாதிரி. பெயர் மட்டும் வேறு. பாதிக்கு எமிலி வால்ஷ் போன்ற வெள்ளையினப் பெயர். மீதிப் பாதிக்கு லகிஷா வாஷிங்டன் போன்ற கறுப்பினப் பெயர். வெள்ளைப் பெயருக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு. கறுப்புப் பெயருக்குப் பதினைந்துக்கு ஒன்று. ஹெரால்ட் வாஷிங்டன் மேயராக இருந்த அதே சிகாகோவில் வாஷிங்டன் என்ற பெயருக்குக் கதவு பாதி சாத்தியே இருந்தது.

இங்கே மட்டும் என்ன? 2007இல் சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் இந்தியாவில் இதே சோதனையைச் செய்தார்கள். 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள். தகுதி சமம். உயர்சாதிக் குடும்பப்பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் குடும்பப்பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. விண்ணப்பித்தவரை யாரும் நேரில் பார்க்கவில்லை. தாளில் இருந்த பெயரை மட்டும் படித்தார்கள்.

மராட்டியத்தில் காம்ப்ளே என்றொரு குடும்பப்பெயர் உண்டு. பெரும்பாலும் தலித் மக்களிடம் வழங்குவது. பத்திரிகை நடத்தி, 1929இல் புனேயில் பார்வதி கோயில் நுழைவுப் போராட்டத்தில் முன்னின்ற சிவ்ராம் ஜான்பா காம்ப்ளே. தம் மக்களின் வாழ்வைத் தன்வரலாறாக எழுதிய பேபி காம்ப்ளே, சாந்தாபாய் காம்ப்ளே. தலித் பேந்தர்ஸ் இயக்கத்தின் கவிஞர் அருண் காம்ப்ளே. இவர்கள் எல்லாரும் அந்தப் பெயருக்கு ஒரு பொருளைச் சேர்த்தவர்கள். அதைப் படித்தவுடன் விண்ணப்பத்தை ஓரமாக வைக்கும் அதிகாரிக்கு அந்தப் பொருள் தெரியாது. படிக்கவும் மாட்டார். ஆக, குறை பெயரில் இல்லை, படிப்பவரிடம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களை நீக்கத் தீர்மானம் போட்டது. பெரிய காரியம், அதன் பயனை இன்றும் அனுபவிக்கிறோம். ஆனால் சேரியில் நீக்குவதற்குப் பட்டம் ஏதும் இருக்கவில்லை. இருந்த பெயரையே முழுதாக அழைக்க ஊர்த்தெரு விடவில்லை. முனுசாமி என்று வைத்தால் ‘சாமி’யை வெட்டிவிட்டு ‘முனியா’ என்று கூப்பிட்டார்கள். சூத்திரனுக்கு இடும் பெயர் இழிவைக் காட்ட வேண்டும் என்று மனுஸ்மிருதி விதிக்கிறது. சூத்திரனுக்கே அப்படியென்றால் வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நமக்கு? பட்டம் போன பிறகு சாதியை மோப்பம் பிடிக்க வேறு வழிகள் வந்தன. எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? குலதெய்வம் என்ன? உதவித்தொகை வருகிறதா? விடுதி அறையில் முதல் நாளே இந்தக் கேள்விகளைச் சந்தித்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள்.

இங்கே நம் இயக்கத்துக்குள்ளேயே ஒரு சச்சரவு உண்டு. அடையாளத்தை மறைத்து வாழும் தோழர்களை நம்மில் சிலர் கோழைகள் என்கிறார்கள். வெளிப்படையாகச் சொல்பவர்களைப் பார்த்து, எதற்கு வம்பு என்று வேறு சிலர் கேட்கிறார்கள். வாடகை வீடு கிடைக்காமல் போய்விடுமோ என்று பெயரை விழுங்கும் தாயையும், சட்டையில் நீலப் பட்டையோடு வகுப்புக்குப் போகும் மகளையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். தன் பெயரை எப்போது, யாரிடம், எப்படிச் சொல்வது என்பது சுமப்பவரின் உரிமை. நம் கோபம் கேட்பவனை நோக்கித் திரும்பட்டும். முதல்கட்டத் தேர்வில் விண்ணப்பதாரரின் பெயரை மறைத்து மதிப்பிட வேண்டும், நேர்காணல் குழுவில் நம்மவர் இருக்க வேண்டும் என்பவை கேட்டுப் பெறக்கூடிய கோரிக்கைகள். தனியார் துறைக்கும் சேர்த்தே கேட்போம்.

மாணவத் தோழர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வெளிமாநிலத்திலோ வெளிநாட்டிலோ படிக்க விண்ணப்பிக்கும்போது படிவத்தில் ‘கடைசிப் பெயர்’ என்றொரு கட்டம் வரும். காலியாக விட முடியாது. அங்கே அப்பா பெயரை எழுதுகிறோம். ஊரில் பண்ணையார் வீட்டுப் பொடியன்கூட ‘டேய் கருப்பா’ என்று கூப்பிட்ட மனிதரின் பெயர், கருத்தரங்க அடையாள அட்டையில் ‘கருப்பன்’ என்று வருகிறது. ‘மிஸ்டர் கருப்பன்’, ‘டாக்டர் கருப்பன்’ என்று அழைக்கிறார்கள். உங்களை அழைப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள். உங்கள் அப்பாவையும் அழைக்கிறார்கள். கூச்சப்பட்டு அதை மாற்றி எழுத வேண்டாம். அம்மா பெயரை எழுத விரும்பினால் அதையும் எழுதுங்கள்.

விடுமுறைக்கு ஊர் போகும்போது தாத்தா, பாட்டி, அவர்களின் பெற்றோர் ஆகியோரின் முழுப்பெயர்களைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். பட்டாவில் இருக்காது, கல்வெட்டில் இருக்காது. வயதானவர்களின் வாயில் மட்டும்தான் இருக்கிறது. அவர்கள் போய்விட்டால், ஆண்டையின் அட்டவணையில் வயதும் நிறமும் மட்டும் மிஞ்சியது போல நமக்கும் ஒன்றும் மிஞ்சாது. எழுதியதை இந்த அமைப்புக்கு அனுப்புங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் அந்தப் பெயர்களை இந்த மேடையில் நின்று, முழுதாக, வெட்டாமல் படிப்போம்.

ஜெய்பீம்.